2-பி பிரிவு அப்பாவின் விடுப்பு விண்ணப்பம்

பெறுநர்: மதிப்பிற்குரிய முதல்வர் அம்மா அவர்கள்.
பொருள்: ஒரே ஒரு நாள் விடுப்பு வேண்டி.

அம்மா, வணக்கம்.

தங்கள் பள்ளியில் ஜூன் மாதத்திலிருந்து இரண்டாம் வகுப்பு ‘பி’ பிரிவில் படித்து வருகிறேன். வருகைப் பதிவேட்டில் என் மகள் பெயர் இருக்கும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சார்ட் வெட்டி ஒட்டுவது நான். டைரியில் கையெழுத்துப் போடுவது நான். ராத்திரி பத்தரைக்கு வாட்ஸ்அப் குழுவில் “நாளைக்கு என்ன கலர் டிரஸ் மிஸ்?” என்று கேட்பதும் நான்தான். பாப்பா அந்நேரம் தூங்கிவிடுவாள். குழந்தைதானே, பாவம்.

சேர்க்கை அன்று “ரெண்டாங்கிளாஸ் வரைக்கும் ஹோம்வொர்க்கே கிடையாது சார்” என்று தாங்கள் சொன்னபோது வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதைத் தாங்கள் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிறீர்கள். டைரியை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன், ‘ஹோம்வொர்க்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. திங்கள்கிழமை ‘ரிவிஷன்’, செவ்வாய் ‘ஃபன் ஷீட்’, புதன் ‘ஃபேமிலி டைம்’, வெள்ளிக்கிழமை ‘வீக்கெண்ட் ஜாய்’. அந்த ஜாய் மொத்தம் ஆறு பக்கம். மொழி, கணக்கு தவிர வேறு பாடம் வேண்டாம் என்றும் அதே தீர்ப்பில் இருந்தது. கம்ப்யூட்டரையும் பொது அறிவையும் தாங்கள் பாடம் என்று சொல்லாமல் ‘ஸ்கில்’ என்று அழைப்பதன் நுட்பம் எனக்கு அப்புறம்தான் விளங்கியது.

புத்தகப் பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வகுப்புப் பிள்ளைகளின் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் சுற்றறிக்கை ஒன்று அதே ஆண்டு வந்தது. வீட்டில் தராசு இல்லாததால் தெருமுனைப் பழைய பேப்பர் கடையில் பையை வைத்தேன். நாலு கிலோ இருநூறு. கடைக்காரர் முகம் மலர்ந்து, “கிலோ பதினாலு ரூபா போட்டுக்கலாமா சார்?” என்றார். விற்கவில்லை. தங்கள் மேல் உள்ள மரியாதைதான் காரணம்.

இனி இக்லூ விஷயத்துக்கு வருகிறேன்.

‘வீடுகளின் வகைகள்’ என்ற பாடத்துக்கு மாடல் செய்து வரச் சொல்லியிருந்தீர்கள். எங்கள் வரிசைக்கு வந்தது இக்லூ. ஊர் வேலூர். வெளியே வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனரி கடைக்குப் போய் நான் வாயைத் திறக்குமுன் அந்த அண்ணன் கேட்டார்: “டூ பி-யா சார்? தெர்மாகோல் பந்து, பஞ்சு, வெள்ளை பெயின்ட் செட்டாவே கட்டி வெச்சிருக்கேன். நேரமில்லைன்னா ரெடிமேடும் இருக்கு, முந்நூத்தம்பது.” தங்கள் பாடத்திட்டத்தை என்னைவிட, சொல்லப்போனால் தங்கள் ஆசிரியர்களைவிடவும், நன்றாக அறிந்தவர் அவர். அடுத்த ஆண்டுவிழாவில் அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம்.

ரெடிமேட் வாங்க மனம் வரவில்லை. நேர்மை. ராத்திரி பதினோரு மணிக்கு, சட்டென்று ஒட்டட்டும் என்று உடனடிப் பசையைத் தடவினேன். அந்தப் பசை தெர்மாகோலைத் தின்னும் என்று இரண்டாம் வகுப்பில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கண்ணெதிரே கூரையில் ஓட்டை விழுந்து, இக்லூ மெல்ல உள்வாங்கியது. துருவப் பனி உருகுவதை நேரில் பார்த்த ஒரே வேலூர்க்காரன் நான்தான். ஓட்டையில் பஞ்சை அடைத்துக் கொண்டுவந்தேன். ‘ஏ பிளஸ்’ போட்டீர்கள். நன்றி. பத்தாங்கிளாஸுக்குப் பிறகு நான் வாங்கிய முதல் நல்ல மார்க்.

அந்தப் பனி தேசத்து இனுயிட் மக்களே இப்போது நம்மைப் போலச் சுவர் வைத்த வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். இக்லூ பெரும்பாலும் வேட்டைக்குப் போகிற இடத்தில் தங்கக் கட்டுவது. குடியாத்தத்தில் பாப்பாவின் ஆயா வீடு நாட்டு ஓடு போட்டது. எந்த ஓட்டைத் தள்ளினால் அணில் குஞ்சு தெரியும் என்று அவளுக்குத் தெரியும். தங்கள் ஒர்க்‌ஷீட்டில் அதற்குக் கட்டம் இல்லை. ‘ஏ பிளஸ்’ வந்த மறுநாள் காலை அவள் தட்டில் ஒரு இட்லியைக் கவிழ்த்துப்போட்டு, விரலால் வாசல் குடைந்து, “இதான்ப்பா இக்லூ” என்றாள். அப்புறம் தின்றுவிட்டாள். மதிப்பெண் போடத் தோதுப்படாத மாடல்.

கணக்கில்தான் என் நிலைமை கவலைக்கிடம். 52-லிருந்து 27 போக எவ்வளவு? ரெண்டில் ஏழு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்றுதான் எங்கள் வாத்தியார் சொன்னார், அவருடைய வாத்தியாரும் சொன்னார். பாப்பா பென்சிலைக் கீழே வைத்தாள். “கடன்னு சொல்லக் கூடாதாம். ரீகுரூப்பிங்னு சொல்லணும்னு மிஸ் சொன்னாங்க.” சரி என்று ஐந்து பத்துக்கட்டுகளில் ஒன்றைப் பிரித்துக் காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நான் முதலில் சொன்ன ‘கடனும்’ மண்டையில் இருக்கிறதே! “வாங்குனா எப்பப்பா திருப்பித் தரணும்?” என்று கேட்டாள். எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது பைக் லோன். பதில் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் அரசுப் பள்ளியில் அதே இரண்டாம் வகுப்பு. அங்கே 2022-லிருந்து ‘எண்ணும் எழுத்தும்’ நடக்கிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவர் நிலையிலிருந்து சொல்லித்தருகிறார்கள். திண்ணையில் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கூட்டி வைத்துக் கழித்துக் காட்டினான். மலராம். நான் எந்த நிலை என்று கேட்டேன். என் இக்லூவைப் பார்த்திருக்கிறான். “அரும்பு, மாமா” என்றான்.

மத்திய அரசின் நிபுண் பாரத் இந்த வகுப்புக்கு வைத்திருக்கும் இலக்கு, நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல் வாசிப்பது, 999 வரை எண் அறிவது, 99 வரை கழிப்பது. அவ்வளவுதான் அம்மா. இக்லூ அதில் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ‘வீக்கெண்ட் ஜாயை’த் தொலைத்துவிட்டோம். (உண்மையில் தோசைமாவு கொட்டிவிட்டது. யார் கொட்டியது என்ற விசாரணை வேண்டாமே.) செய்ய வேலையில்லாமல் பாப்பாவும் நானும் மளிகைக்கடைக்கு நடந்தோம். வழியில் இருக்கிற போர்டையெல்லாம் எழுத்துக் கூட்டிக்கொண்டே வந்தாள். கல்லாவுக்கு மேலே தொங்கிய அட்டையில் வந்து நின்றாள்: “இன்று… ரொக்கம்… நாளை… கடன்.” கொஞ்சம் யோசித்தாள். பிறகு கடைக்காரரிடமே கேட்டுவிட்டாள்: “அங்கிள், அப்ப நாளைக்கு வந்தா 52-ல 27 கழிச்சுக்கலாமா?”

கடைக்காரர் அன்றைக்கு மிச்சச் சில்லறையை மூன்று முறை எண்ணினார்.

ஆகவே, வருகிற ஞாயிறு ஒரு நாள் மட்டும் எனக்கு விடுப்பு தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தெருவில் இன்னும் ஒன்பது கடை பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்,
2-பி.

பெற்றோர் கையொப்பம்: (பாப்பா போட்டிருக்கிறாள். பச்சை கிரேயான்.)