பால்கோவா டாட் பிஎச்பி

வா பேராண்டி, திண்ணையில உக்காரு. மூஞ்சி என்ன, சித்திரை மாசத்துப் பிளவக்கல் அணை மாதிரி வத்திக் கிடக்கு? பால்கோவா கடைக்காரர் ஏசிட்டாரா? பின்ன, கொஞ்சுவாரா? அவரு அட்டைப்பெட்டியில அச்சடிச்சு வச்சிருந்த வலை முகவரியை ராவோட ராவா மாத்திட்டு, பழைய வாசல்ல 404னு பூட்டைத் தொங்கவிட்டு வந்திருக்க.

வாலை நறுக்கணும்னு நெனச்சது தப்பில்லடா. பால்கோவா வாங்க வர்றவனுக்கு உள்ள எரியிறது விறகா கேஸான்னு எதுக்கு? முகவரி கடைசியில 'டாட் பிஎச்பி'ன்னு தொங்குறதும் அந்தக் கதைதான். 'மாடசாமி டாட் ஓட்டுவீடு'ன்னு ஒருத்தன் பேரு வச்சுக்கிட்டான்னா, காரை வீடு கட்டுன அன்னைக்கு மறுபடி பேரு வைக்கணுமே! வலையை உண்டாக்குன டிம் பெர்னர்ஸ் லீயே 1998ல எழுதி வச்சாரு: முகவரியில வாலைச் சேர்க்காதே, முகவரியை மாத்தவும் மாத்தாதேன்னு. நீ முதல் பாதியைப் படிச்சிட்டுத் தூங்கிட்ட போல.

1985ல ராமநாதபுரத்தைப் பிரிச்சு நம்மளக் காமராசர் மாவட்டம்னாங்க. 1997ல விருதுநகர் மாவட்டம்னாங்க. பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு ரெண்டு அணையும் ஒரு அடி நகரல. பழைய மாவட்டம் போட்டு வந்த கடுதாசியைத் தபால்காரர் கிழிச்சா போட்டாரு? அடிச்சுத் திருத்திக் கொண்டாந்து குடுத்தாரு. அவரு செஞ்ச வேலைக்கு உங்க ஊருல 301னு பேரு.

வேலை ரெண்டு இருக்கு. வாலோட வர்றவன்கிட்ட வாலில்லாத முகவரியைச் சொல்லித் திருப்பி அனுப்புற வெளி விதி ஒண்ணு. அது அவனுக்குத் தெரியும். வாலில்லாம வந்து நிக்கிறவனுக்கு உள்ள இருக்கிற வாலுள்ள கோப்பை எடுத்துக் குடுக்குற உள் விதி இன்னொண்ணு. அது அவனுக்குத் தெரியக் கூடாது. நீ என்ன செஞ்ச? உள் விதி ஒட்டுன வாலை வெளி விதி பார்த்து மறுபடி நறுக்க, அது திரும்ப ஒட்ட... பட்டாவுக்கு விஏஓகிட்டயும் தாலுகாவுக்கும் அலையிற மாதிரிதான். நாமளாவது செருப்பு தேயிற வரைக்கும் அலைவோம். குரோம் 20 தடவை அலைஞ்சிட்டுக் கையை விரிச்சிடும்.

முழிக்காத. அப்பாச்சி சர்வர்தான? வெளி விதிக்கு மேல ஒரு ரீரைட்காண்ட் போட்டு, 'தி ரெக்வெஸ்ட்'டைப் பார்க்கச் சொல்லு. வந்தவன் வாயால கேட்ட வரி அதுல அப்படியே இருக்கும், உள்ள நடந்த தில்லுமுல்லு அதுல ஏறாது. உள் விதிக்கு, பிஎச்பி சேர்த்தா நெசமாவே அப்படி ஒரு கோப்பு இருக்கான்னு 'மைனஸ் எஃப்' போட்டுத் தட்டிப் பாரு. புள்ளிக்கு முன்னால பின்சாய்வுக் கோடு போட்டியா? போடலைன்னா அந்தப் புள்ளி கல்யாண வீட்டுக் கதவு மாதிரி, எந்த எழுத்து வந்தாலும் உள்ள விட்டுரும்.

உனக்கெப்படித் தாத்தா தெரியும்னா கேக்குற? அணையில லஸ்கரா மதகு தூக்குனவன்டா நான். எதை முதல்ல தூக்குறது, எதை அப்புறம் தூக்குறதுங்கிற வரிசைதான் அங்கயும் வேலை, இங்கயும் வேலை. மிச்சத்தை உன் அக்கா மக போன்ல படிச்சுக் காட்டுனா.

இன்னொண்ணு. எடுத்த எடுப்புல 301 போட்டுறாத. அது தாலி கட்டுற மாதிரி. நீ வரியை அழிச்சாலும் பிரவுசர் மறக்காது. முதல்ல 302ன்னு பொண்ணு பார்த்துட்டு வா. ஆர்டர் படிவத்துல மட்டும் புது முகவரியை நேராவே எழுதிடு. பழசுக்கு அனுப்பி 301ல சுத்தி வந்தா, பெட்டி வந்து சேரும், உள்ள பால்கோவா இருக்காது.

அது சரி, கடைக்காரர் உன் மூஞ்சியில விட்டெறிஞ்ச பெட்டி பையிலதான இருக்கு? இப்படி நகத்து. முகவரியைத்தான் பார்க்கப் போறேன். ஒரு கரண்டியும் எடுத்துட்டு வா.