‘எளச்சிப் பூட்ட’ என்னும் வாதம்: போலிகள் குறித்த ஓர் ஆய்வு

செங்கல்பட்டு வட்டாரக் கல்யாண மண்டபங்களில் தாலி கட்டுவதற்கு முன்பே, காலை டிபன் பந்தியில், ஒரு தர்க்க சபை கூடிவிடுகிறது. பொருள் எப்போதும் ஒன்றுதான்: வந்திருப்பவன் இளைத்திருக்கிறானா, பெருத்திருக்கிறானா?

இதை ஆராயக் கருவி தேடி வெளியூர் போகவேண்டியதில்லை. பக்கத்துக் காஞ்சியில்தான் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் சொன்னார். காப்பியத்தின் இருபத்தொன்பதாம் காதை வாதப் பிழைகளான போலிகளைப் பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, எடுத்துக்காட்டுப்போலி 10 என்று வகை பிரிக்கிறது. ஆகமொத்தம் 33. ஒரு பெரியம்மாவுக்கு இவற்றில் பாதிகூடத் தேவைப்படுவதில்லை.

மேற்கோள், அதாவது நிறுவவேண்டிய கூற்று: “என்னாடா, இப்டி எளச்சிப் பூட்ட?” ஏது: “கண்ணு உள்ள பூட்ச்சி, சட்ட தொளதொளன்னு கெடக்குது.” சட்டை அண்ணனுடையது, ஆக, ஏது பையனிடம் இல்லவே இல்லை. இது அசித்தம். கண் உள்ளே போனது, ராத்திரி மண்டபத்தில் நடந்த சீட்டாட்டத்தால். இளைத்தவனுக்கும் தூங்காதவனுக்கும் பொதுவான அடையாளம் எதையும் நிறுவாது, இது அநைகாந்திகம்.

எதிர்க்கட்சியில் சித்தப்பா: “தொப்பயப் பாரு, ஊதிக்கினு வந்துருக்கான்!” இங்கேதான் பெரியம்மாவின் மேதைமை வெளிப்படுகிறது. “அது வாயுடா. சாப்பிடாத வயிறு அப்டித்தான் உப்பும்.” எதிரியின் சான்றையே பிடுங்கித் தன் கட்சிக்குச் சேர்ப்பது! பெருத்ததற்கான ஏதுவை இளைத்ததற்குக் காட்டும் இது விருத்தம். பையன் போன மாதம் எடை பார்த்ததைச் சொன்னான், கூடியிருந்ததாம். “மெஷினுக்கு என்னா தெரியும்?” காட்சியை மறுக்கும் மேற்கோள் பிரத்தியக்க விருத்தம் என்னும் பக்கப்போலி. ஆனால் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல எனக்கே துணிவு வராது.

இந்த மரபு பழையது. மகேந்திரவர்மப் பல்லவன் வடமொழியில் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தில், காஞ்சித் தெருவில் தன் கபாலத்தைத் தொலைத்த காபாலிகன் ஒரு பௌத்தத் துறவியைப் பிடித்துக்கொள்கிறான். துறவியின் பாத்திரம் நிறத்திலும் வடிவத்திலும் வேறு என்று தெரிந்த பிறகும் விடுவதாயில்லை. தோற்றம் மாறியிருந்தால் என்ன, மாற்றியவன் நீதானே! கபாலத்தைத் தூக்கிப்போனது ஒரு நாய்.

அறிஞர்களும் இதற்கு விலக்கல்ல. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் விலா எலும்பு தெரிய ஒற்றைக்காலில் நிற்பவன் யார்? பாசுபதம் கேட்ட அர்ச்சுனன் என்பது ஒரு கட்சி; கங்கையை இறக்கிய பகீரதன் என்பது இன்னொன்று, 1914-இல் விக்டர் கோலுபியூ எழுதியது. நடுப்பிளவும் அதில் நீந்தும் நாகர்களும் பின்னதற்கு வலு சேர்க்கின்றன. நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் தவசியின் மெலிவை இரு கட்சியும் தமக்குச் சாட்சியாக அழைக்க முடியாது. தவம் செய்த எவனும் மெலிவான்; மறுபடியும் அநைகாந்திகம். கைதூக்கி நிற்கும் கோலமாவது தவத்தை நிறுவுமா என்றால், யானைகளின் அருகே அதே கோலத்தில் பூனையொன்று நிற்கிறது, காலடியில் எலிகளோடு. ஏதுவை முறிக்கும் எடுத்துக்காட்டைச் சிற்பியே செதுக்கிவைத்துவிட்டான். உலகில் வேறெந்தத் தர்க்க நூலுக்கும் இவ்வளவு நல்ல விளக்கப்படம் இல்லை.

பந்திக்குத் திரும்புவோம். போலி என்று தெரிந்தும் இந்த வாதம் ஏன் தோற்பதில்லை? உடம்பு அதன் பொருளே அல்ல என்பதால்தான். சொல்லப்படாத மேற்கோள் வேறு: ‘அந்த வீட்டில் இவனுக்குச் சரியாகச் சோறு போடுவதில்லை.’ மேற்கோளை மறைத்து ஏதுவை மட்டும் நீட்டுவதற்கு 33-இல் இடமில்லை. 34-ஆவதாகச் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன். பையன் தொப்பையைத் தட்டிக் காட்டுவது வீண். வழக்கு அவன்மேல் இல்லை, இரண்டு இலை தள்ளி வடையைப் பிட்டுக்கொண்டிருந்த அவன் மனைவிமேல்.

அவளுக்கு அது முதலிலேயே புரிந்திருந்தது. “அப்ப நீங்களே வந்து ஒரு மாசம் ஆக்கிப் போட்டுத் தேத்தி உடுங்களேன், அத்த!”

கௌதமரின் நியாய சூத்திரம் 22 தோல்வித்தானங்களைச் சொல்கிறது. வேறு வேலை இருப்பதாகச் சாக்குச் சொல்லி நடுவாதத்தில் எழுந்துபோவதும் அவற்றில் ஒன்று, பெயர் விட்சேபம்.

“கேசரி வெக்கிறவன் எங்கடா பூட்டான்?” என்றபடி பெரியம்மா எழுந்தார்.