நாற்பதைத் தாண்டினால் குதிரையேறு

டாரோ சீட்டில் குறி பார்க்கிறவர்களில் பலர், கட்டைக் கலைக்கும் முன்பே, கேட்க வந்தவருக்கென ஒன்றை எடுத்து நடுவில் வைத்துவிடுவார்கள். மற்றவை அதன் மேலும் சுற்றிலும் விழும். அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஏ. ஈ. வெயிட் கறாரான விதி வகுத்திருக்கிறார். 1909இல் லண்டனில் வெளியான, பமீலா கோல்மன் ஸ்மித் படம் வரைந்த சீட்டுக்கட்டின் கர்த்தா அவர். நாற்பதுக்குள் இருக்கும் ஆண் ராஜா, நாற்பதானால் குதிரைவீரன். வாலிபனைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்துவிட்டு, முழங்கால் பிடித்துக்கொள்ளும் வயதில் ஆளைக் குதிரையேறச் சொல்கிறார்! பெண்ணுக்கு நாற்பதுக்கு மேல்தான் ராணிப் பட்டம். அதுவரை அரண்மனை எடுபிடிப் பையனின் சீட்டு. அடுத்தது, நிறத்தைப் பார்த்துச் சீட்டின் இனம். பொன்முடியும் நீலக் கண்ணும் இருந்தால் கோல். வெளிர்பழுப்பு முடிக்குக் கோப்பை. கரும்பழுப்பு முடிக்கு வாள். கருமுடி, கருவிழி, கறுத்த மேனி என்றால் காசு. இந்த விதியோடு மயிலாப்பூரில் கடை விரித்தால் வருகிறவர்களில் அநேகமாக எல்லாரும் காசு வம்சம்தான். கடைக்காரருக்கு வேண்டுமானால் அது நல்ல சகுனம்.

ஆளைக் குறிக்க ஏதோ ஓர் அடையாளம் வேண்டும், வயதும் நிறமும் பார்த்தவுடன் தெரிகின்றன, இதிலென்ன தப்பு என்று கேட்கலாம். வெயிட்டுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. மிகக் கறுத்தவர் சுறுசுறுப்பானவராக இருந்தால் வாளுக்கு மாற்றலாம், நல்ல வெளுப்பானவர் மந்தமாக இருந்தால் கோப்பைக்கு இறக்கலாம் என்கிறார். அதாவது கறுத்தவரிடம் சுறுசுறுப்பு விதிவிலக்கு, வெளுத்தவரிடம் சோம்பல் விதிவிலக்கு! கடைசியில் குணம்தான் கணக்கு என்றால், தலைமுடியை எதற்கு ஆராய வேண்டும்? 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் சீட்டுக் குறிகாரர் எத்தெய்யா தன் சீட்டுக்கட்டில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டே சீட்டு ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

என்னைக் கேட்டால், வந்தவரே எடுக்கட்டும். எல்லாரும் ராஜா, ராணியைத்தானே எடுப்பார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். எடுக்கட்டுமே! எழுபத்தெட்டுச் சீட்டையும் பரப்பிவைத்தால், வாளேந்திய ராணியை எடுப்பவரும் கோப்பை ஏந்திய ராணியை எடுப்பவரும் தங்களைப் பற்றி வெவ்வேறு வாக்குமூலம் கொடுக்கிறார்கள். பிறகு மீதி எழுபத்தேழைக் கலைத்துப் போடும் பத்துச் சீட்டும் தற்செயலாக விழுபவை. மேசையில் மனுஷன் யோசித்து வைத்தது அந்த ஒன்று மட்டும்தான். இன்னொரு சங்கடமும் உண்டு. நடுவில் வைத்த சீட்டு பதிலில் வரவே வராது. உங்களுக்கு மிகப் பொருத்தமான சீட்டை முதலிலேயே ஆட்டத்திலிருந்து தள்ளிவைத்தாயிற்று. ஆகவே டாரோ பார்க்கப் போகிறவர்களே, கட்டைக் கையில் வாங்கி நீங்களே தேடி எடுங்கள். கட்டணத்தில் பாதியைக் குறைத்துக் கொடுங்கள்; பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.