வாசலில் பலகை, வழியில் பூட்டு

அனுப்புநர்: மேசைக் கணினி மென்பொருள் ஒன்று (பயனர் பெயர் சரி, கடவுச்சொல் சரி, மென்பொருளுக்கான தனிக் கடவுச்சொல் பரிசீலனையில்)

பெறுநர்: அமெரிக்க ஐக்கிய நாடுகளின் எம்எல்எஸ் எனப்படும் வீட்டு விற்பனைப் பட்டியல் சேவைகள் (ஏறத்தாழ ஐந்நூறு இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நகல்)

பொருள்: விற்பனைக்கு உள்ள வீட்டின் விவரத்தைத் தேடி எடுத்தல் – தொடர்பாக

பார்வை: மேற்படி வீட்டு வாசலில் நடப்பட்டுள்ள 'விற்பனைக்கு' என்ற பலகை, நாளிடப்படாதது

எம்எல்எஸ் என்பது, தரகர்கள் தங்களிடம் விற்பனைக்கு வந்த வீடுகளைச் சக தரகர்களுக்குத் தெரிவிக்க வைத்திருக்கும் கூட்டுப் பதிவேடு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நகரத் தரகர்கள் சங்க அலுவலகத்தில் கூடி, கைவசம் உள்ள வீடுகளைச் சொல்லி, ஆள் கூட்டிவருபவருக்குத் தரகில் பங்கு தர ஒப்புக்கொண்டார்கள். அந்த வழக்கத்தில் இருந்து இது பிறந்தது. 1908இல் சிகாகோவில் நாடு தழுவிய சங்கம் ஒன்று உருவானது. இன்று அதன் பெயர் தேசிய ரியல்டர்கள் சங்கம். வாய்ப்பேச்சு பிறகு அட்டையில் ஏறியது, அட்டை புத்தகமானது. அந்தத் தடித்த புத்தகம் உறுப்பினர்களுக்கு மட்டுமே உரியது, வெளியாருக்குக் காட்டக்கூடாது. வீட்டுக்காரரோ தன் வீடு விற்பனைக்கு என்று தெருவில் போகிற எல்லோருக்கும் தெரியட்டும் என வாசலில் பலகை நட்டிருந்தார். பலகையில் இருப்பது பகிரங்கம், புத்தகத்தில் இருப்பது ரகசியம். வாங்க வந்தவர் மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து எழுத்தைத் தலைகீழாக வாசிக்கப் பழகியிருந்தால் அது அவருடைய தனித்திறமை.

புத்தகத்தின் இடத்துக்குக் கணினி வந்தபோது பூட்டும் கூடவே வந்தது. ஒவ்வொரு சேவையும் தனக்கென ஒரு கணினி முறையை வாங்கிக்கொண்டது. ஒரு மாவட்டத்துப் பட்டியலைப் படிக்கும் மென்பொருள், பக்கத்து மாவட்டத்தின் முன் எழுத்தறியாததாக நின்றது. இதைத் தீர்க்கவே 1999இல் 'ரெட்ஸ்' என்ற பொது விதிமுறை வந்தது. எந்த மென்பொருளும் எந்தச் சர்வரிடமும் ஒரே மொழியில் கேட்கலாம் என்பது அதன் நோக்கம். நோக்கம் நிறைவேறியது: எல்லாச் சர்வர்களும் ஒரே மொழியில் மறுக்கக் கற்றுக்கொண்டன.

மென்பொருள் கிடைப்பதில் சிரமம் இல்லை என்பதைச் சேவைகளுக்கு நியாயமாகவே சொல்லியாக வேண்டும். தேசிய ரியல்டர்கள் சங்கத்தின் தொழில்நுட்ப மையமே 'ஈசிரெட்ஸ்' என்ற இணைப்பானை இலவசமாக வெளியிட்டது. அதை நிறுவிக்கொண்டால் எக்செல், ஆக்சஸ் போன்ற அன்றாட மென்பொருள்களுக்கு ரெட்ஸ் சர்வர் ஒரு சாதாரண அட்டவணையாகத் தெரியும். பெயரில் 'ஈசி' இருந்தது. ஆனால் அதைத் திறக்க ஏதேனும் ஒரு சேவை தந்த அனுமதி வேண்டும். அனுமதிக்குத் தரகர் உறுப்பினராக இருக்க வேண்டும், அல்லது உறுப்பினர் சார்பில் வேலை செய்பவராகத் தரவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். பக்கத்து மாவட்டத்துக்கு இன்னொரு ஒப்பந்தம், இன்னொரு கையெழுத்து.

அனுமதி கிடைத்தபின் முதல் படி உள்நுழைவு. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போதும் என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. பல சேவைகளில் மென்பொருளுக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல் உண்டு. ஆளின் அடையாள அட்டையைச் சரிபார்த்த காவலர், அவர் ஏறிவந்த வண்டியும் தன் அடையாள அட்டையைத் தானே நீட்ட வேண்டும் என்று கேட்பதைப் போன்றது இது. எல்லாம் சரியாக இருந்தால் சர்வர் ஒரு முகவரிப் பட்டியலைத் தரும்: தேட இங்கே, படம் எடுக்க இங்கே, வெளியேற இங்கே. வீட்டு முகவரிதான் இன்னும் வரவில்லை.

இரண்டாம் படி, சர்வரில் என்னென்ன இருக்கிறது என்று சர்வரிடமே கேட்பது. இதற்கு மெட்டாடேட்டா என்று பெயர். ரெட்ஸின் பெரிய சாதனை இதுதான்; பெரிய வேடிக்கையும் இதுதான். நம்மூர்ப் பிள்ளைக்கு ஜாதகத்தில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் இருப்பதைப் போல, பட்டியலின் ஒவ்வொரு புலத்துக்கும் குறைந்தது மூன்று பெயர்கள் உண்டு. சர்வர் தனக்குள் வைத்திருப்பது ஒன்று, விதிமுறை வகுத்த பொதுப்பெயர் ஒன்று, மனிதர் படிப்பதற்கான நீண்ட பெயர் ஒன்று. பொதுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எல்லா வீட்டிலும் பிள்ளை திரும்பிப் பார்க்கும் என்பதே ஏற்பாடு. நடைமுறையில் பல சேவைகள் பொதுப்பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டன. ஆகவே மென்பொருள், விற்பவர் கேட்கும் விலை என்பதை ஒரு சர்வரில் 'லிஸ்ட்பிரைஸ்' என்றும், இன்னொன்றில் 'எல்பி' என்றும், வேறொன்றில் வெறும் எண்ணாலும் கேட்க வேண்டியிருந்தது. விலையே எண், அதன் பெயரும் எண். படுக்கையறை எண்ணிக்கையை 157 என்று அழைக்கும் வீட்டில் எத்தனை படுக்கையறை என்று கேட்பதற்குச் சற்றுத் துணிவு வேண்டும்.

புலத்தின் பெயர் தெரிந்தாலும் அதற்குள் இருக்கும் மதிப்புகள் குறியீடுகளாக இருக்கும். 'விற்பனையில் உள்ளது' என்பதற்கு ஒரு சர்வரில் 'ஏ' என்ற ஓர் எழுத்து போதும். மற்றொன்றில் அதற்கு நான்கைந்து குறியீடுகள் இருக்கலாம். குறியீட்டை அவிழ்த்து முழுச்சொல்லாகத் தரும்படி கேட்க வழி உண்டு. சர்வரும் பதிலை அப்படியே தரும். ஆனால் அந்த முழுச்சொல்லைச் சொல்லித் திரும்பத் தேடினால் அதற்குப் புரியாது. தேடலுக்குக் குறியீடுதான் வேண்டும். பேசும்போது ஒரு மொழி, கேட்கும்போது வேறு மொழி என்ற இந்த ஒழுங்கு பல பழைய அலுவலகங்களில் காணக்கிடைப்பதே.

மூன்றாம் படி வினவல். ரெட்ஸின் வினவல் மொழிக்கு டிஎம்க்யூஎல் என்று பெயர். அடைப்புக்குறிக்குள் புலத்தின் பெயர், சமக்குறி, மதிப்பு. மூன்று லட்சம் டாலர் முதல் நான்கு லட்சம் வரை என்றால் இரண்டு எண்களுக்கு நடுவில் ஒரு சிறு கோடு. மூன்று படுக்கையறை அல்லது அதற்கு மேல் என்றால் மூன்றுக்குப் பின் ஒரு கூட்டல் குறி. குறியீட்டுப் பட்டியலுக்கு முன் ஒரு செங்குத்துக் கோடு இட்டால் 'இவற்றுள் ஏதேனும் ஒன்று' என்று பொருள். அலைக்குறி இட்டால் 'இவற்றுள் எதுவும் கூடாது'. இந்த அளவில் மொழி எளிமையானது, அழகானது என்றுகூடச் சொல்லலாம்.

சிக்கல் கூட்டல் குறியில். எண்ணுக்குப் பின்னால் வந்தால் அது 'அல்லது அதற்கு மேல்'. குறியீட்டுப் பட்டியலுக்கு முன்னால் வந்தால் 'இவை அனைத்தும்'. நீச்சல்குளமும் வேண்டும், மூன்று கார் நிறுத்தும் கொட்டகையும் வேண்டும் என்பவருக்கு இந்தக் குறி உதவும். ஆனால் வினவல் இணைய முகவரியாகப் பயணம் செய்கிறது. முகவரியில் கூட்டல் குறிக்கு மூன்றாவதாக ஒரு பொருள் உண்டு: வெற்றிடம். எனவே மூன்றோ அதற்கு மேலோ படுக்கையறை கேட்டுப் புறப்பட்ட வினவல், மூன்றுக்குப் பின் பேச்சுமூச்சற்ற ஓர் இடைவெளியோடு சர்வரைச் சென்றடையும். 20206 என்று பதில் வரும். வினவலின் இலக்கணம் தவறு என்று அதற்குப் பொருள். கூட்டல் குறிக்குப் பதில் விழுக்காட்டுக் குறி, இரண்டு, ஆங்கில பி என்று மூன்று எழுத்துகளை இட்டு அனுப்புவதே முறை. ஒரு வீடு தேடி எத்தனையோ நிரலாளர்கள் இரவு முழுவதும் ஒரு கூட்டல் குறியைத் தேடியிருக்கிறார்கள்.

இலக்கணம் சரியாக இருந்தும் வீடு இல்லை என்றால் 20201 வரும். 'பதிவு எதுவும் இல்லை' என்பது உண்மையில் ஒரு பதில். தேடியவருக்குப் பயன்படும் செய்தியும்கூட. விதிமுறையில் அது பிழைகளுக்கான எண்வரிசையிலேயே இடம்பெற்றிருக்கிறது. இதற்கு நேரெதிர் 20208: வீடுகள் அளவுக்கு மேல் இருக்கின்றன, கொஞ்சம்தான் தரப்படும். எவ்வளவு கொஞ்சம் என்பது சேவைக்குச் சேவை மாறும். விற்க வந்தவரின் வீடு அந்தக் கொஞ்சத்துக்குள் வருமா என்பது அவருடைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மிச்சத்தை எடுக்க, எத்தனையாவது பதிவில் இருந்து வேண்டும் என்று சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். மென்பொருள் முதல் தொகுப்பைப் படித்து முடிப்பதற்குள் அதிலுள்ள வீடு ஒன்று விற்றுப்போனால் வரிசை ஓரிடம் முன்னால் நகர்ந்துவிடும். இரண்டாம் தொகுப்பு தொடங்கும் இடத்தில் இருந்த வீடு யார் கண்ணிலும் படாமல் தப்பிவிடும். அனுபவசாலிகள் முதலில் அடையாள எண்களை மட்டும் திரட்டி வைத்துக்கொண்டு, விவரத்தை அந்த எண்களைக் கொண்டே கேட்பார்கள்.

விற்றுப்போன வீடு சொல்லிக்கொண்டு போவதில்லை. பொதுப் பார்வைக்கான தரவில் ஒரு பதிவு மறைந்தால் மறைந்ததுதான். நேற்றைய பட்டியலையும் இன்றையதையும் ஒப்பிட்டுக் காணாமல்போனதை மென்பொருளே கண்டுபிடிக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது தரவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. குடிவந்தவர் அடுப்பேற்றிப் பால் காய்ச்சிய பிறகும் அவர் வீடு எங்கோ ஒரு திரையில் விற்பனைக்கு நின்றுகொண்டிருந்தால், அங்கே யாரோ ஒப்பிட மறந்திருக்கிறார்கள்.

பதில் வந்து சேரும் வடிவம் பற்றிச் சுருக்கமாக. ஒரு புலத்தை அடுத்ததில் இருந்து பிரிப்பது டேப் எழுத்து. தரகர் தன் வருணனையில் எங்காவது ஒரு டேப்பைத் தட்டிவிட்டு, அதை நீக்காமல் சர்வரும் அனுப்பிவைத்தால், அந்த வரியில் அதற்குப் பின் வருவதெல்லாம் ஒரு கட்டம் தள்ளி நிற்கும். கட்டிய ஆண்டு விலையாகும், விலை சதுர அடியாகும். அமெரிக்கப் பெருநகரங்களில் வீட்டு விலை 1987 டாலர் என்று திரையில் வந்தால் நம்பிவிடக்கூடாது. படங்களுக்கு வேறு வாசல். வீட்டின் எண்ணோடு நட்சத்திரக் குறியைச் சேர்த்தால் எல்லாப் படமும், சுழியத்தைச் சேர்த்தால் முகப்புப் படம் மட்டும் வரும்.

இவ்வளவு காவலும் எதற்காக என்று கேட்டால், பதிவேட்டின் நடுவில் ஒரு புலம் இருந்தது: வாங்குபவரைக் கூட்டிவரும் தரகருக்கு எவ்வளவு பங்கு. 19ஆம் நூற்றாண்டில் தரகர்கள் கூடியது இதற்காகத்தான். வீடு அதற்கு ஒரு சாக்கு. பதிவேட்டை யார் பார்க்கலாம் என்ற சண்டை முன்பே நீதிமன்றம் ஏறியிருந்தது. இணையம் வழியாகத் தொழில் செய்யும் தரகர்களுக்குப் பட்டியலை மறுக்க வழிசெய்த விதிகளை எதிர்த்து அமெரிக்க நீதித்துறை 2005இல் தொடுத்த வழக்கு, 2008இல் சமரசத்தில் முடிந்தது. 2023 அக்டோபரில் கான்சாஸ் நகர நடுவர் குழு, தரகு முறை விற்பவர்களுக்குப் பாதகமானது என்று கண்டு, சங்கத்துக்கும் சில தரகு நிறுவனங்களுக்கும் எதிராகச் சுமார் 180 கோடி டாலர் தீர்ப்பளித்தது. 2024இல் சங்கம் 41.8 கோடி டாலருக்கு ஒத்துக்கொண்டு சமரசம் செய்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 17 முதல் எம்எல்எஸ் பட்டியலில் பங்குத்தொகைப் புலம் கூடாது என்றாயிற்று. பெட்டகத்துக்குள் இருந்த நகையை எடுத்தாகிவிட்டது. பூட்டுகள் மட்டும் எண்ணெய் போட்டுப் பராமரிக்கப்படுகின்றன.

பலகைக்கும் பதிவேட்டுக்கும் ஓர் உறவு ஏற்பட்டிருப்பதையும் குறிப்பிட வேண்டும். 2020 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, வீட்டை வெளியாருக்கு விளம்பரம் செய்த ஒரு வேலை நாளுக்குள் தரகர் அதை எம்எல்எஸ்ஸில் சேர்க்க வேண்டும். வாசலில் பலகை நடுவதும் விளம்பரமே. ஊருக்குத் தெரிந்த மறுநாள் ரகசியமாகப் பதிய வேண்டும் என்று வெளியாள் இதைப் புரிந்துகொண்டால் அவரைக் குறைசொல்ல முடியாது.

ரெட்ஸுக்கு இப்போது ஓய்வு. விதிமுறைகளைக் கவனிக்க 2011இல் தனி அமைப்பான 'ரெசோ', 2018இல் அதைக் கைவிட்டு, 'வெப் ஏபிஐ' என்ற புதிய முறைக்கு எல்லோரையும் மாறச் சொன்னது. கூடவே ஒரு தரவு அகராதியும் உண்டு. அதன்படி படுக்கையறை எண்ணிக்கைக்கு நாடெங்கும் ஒரே பெயர். கூட்டல் குறியின் மூன்று வேடங்களும் கலைந்தன. 'இதற்குச் சமம் அல்லது மேல்' என்பதை இரண்டு ஆங்கில எழுத்துகளால் எழுதலாம். அளவுக்கட்டுப்பாடு தொடர்கிறது, ஆனால் அடுத்த தொகுப்பு எங்கே என்ற முகவரியைச் சர்வரே தருகிறது. அகராதியில் இடம் கிடைக்காத உள்ளூர்ப் புலங்கள் உள்ளூர்ப் பெயரிலேயே வாழ்கின்றன. ஒப்பந்தமும் கையெழுத்தும் பழையபடி சேவைக்கு ஒன்று.

ஒரு குறை மட்டும் உண்டு. ரெட்ஸில் கடைசிப் படி வெளியேற்றம். மென்பொருள் விடைபெறும்போது, எவ்வளவு நேரம் உள்ளே இருந்தது என்பதையும், கட்டணம் உண்டென்றால் அதையும், விரும்பினால் ஒரு விடைச்செய்தியையும் சர்வர் அனுப்ப விதிமுறையில் இடம் இருந்தது. புதிய முறையில் தற்காலிகச் சீட்டு ஒன்று தரப்படுகிறது. நேரம் முடிந்ததும் அது தானே காலாவதியாகிவிடும், பேச்சு ஒன்றும் இல்லை. அந்த விடைச்செய்திப் புலத்தை, மூன்று பெயர்களோடும் இருந்தாலும் சரி, புதிய அகராதியில் சேர்த்துத் தரும்படி இந்த விண்ணப்பம் சேவைகளைக் கேட்டுக்கொள்கிறது.

இணைப்பு: வினவல் நகல் ஒன்று (கூட்டல் குறிகள் சரிபார்க்கப்பட்டவை)