ஒன்றரை ஷிப்ட்டில் ஒரு வயிறு

திருப்பூரில் தையல் தப்பினால் தப்பாது. ஓவர்லாக்கில் ஒரு நூல் விட்டாலும் செக்கிங் அக்கா பிடித்துவிடுவார். அவர் விட்டதை, ஏ.க்யூ.எல். 2.5 என்ற தரக் கணக்கோடு வரும் பையிங் ஆபீஸ்காரர் பிடிப்பார். தைத்தவரின் குடலில் போட்ட தையலைப் பற்றி மட்டும் யாருக்கும் அக்கறையில்லை.

மலக்குடல் புற்றை வெட்டி எடுத்துக் குடலைச் சேர்த்தால், ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அந்த இடம் கசியும். கசிந்தாலும் உயிருக்கு ஆபத்து வராதிருக்க, பலருக்கு வயிற்றில் வழி திறந்து பை மாட்டுகிறார்கள். பிறகு வழியை மூடினாலும், பலருக்கு அடக்க முடியாத அவசரம். ஒரே நாளில் பத்து முறை ஓட்டம். மருத்துவமனைக் கணக்கில் இது வெற்றி. காப்பீட்டுக் கணக்கில் பேக்கேஜ் முடிந்தது.

வேலைக்குத் திரும்பிய பிறகு கம்பெனியில்தான் கதை ஆரம்பம். காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். பீஸ் ரேட், எழுந்தால் கூலி போச்சு. “ஏனுங்கக்கா, இப்பத்தானுங்களே போயிட்டு வந்தீங்க?” என்பார் சூப்பர்வைசர், மரியாதை குறையாமல். ஆலையில் இருக்கும் நேரமெல்லாம் கழிவறை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே சொல்லிவிட்டது. பையர் ஆடிட்டுக்கு வரும் நாளில் அது அப்படியே நடக்கும்: சோப்பு, பினாயில், திறந்த கதவு. மறுநாள் எல்லாம் பழைய குருடி, கதவைத் திறடி.

அரசும் சளைத்ததல்ல. புற்றுநோய்க்கு இ.எஸ்.ஐ.யில் இரண்டு ஆண்டு வரை 80 சதவீதக் கூலி உண்டு. காண்ட்ராக்டரின் நோட்டில் மட்டும் பெயர் உள்ளவருக்கு அது வானத்து நிலா. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டது. வயிற்றில் பை சுமப்பவருக்கு அதில் இடமில்லை. 2022 ஜூலையில் அந்தப் பைக்கான ஜி.எஸ்.டி.யை 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். என்ன சமத்துவம்! ஆசைக்கு வாங்கும் சாதாரண டி-ஷர்ட்டுக்கும் 5, வேறு வழியில்லாமல் மாட்டும் மலப்பைக்கும் 5.

ஆண்டுக்கு ஏறக்குறைய 40 ஆயிரம் கோடி ரூபாய் ஏற்றுமதிக்கு மேடையில் மாலை வாங்கும் முதலாளிகளே, லைனுக்கு ஒரு கழிவறையும் கேள்வி கேட்காத பத்து நிமிடமும் தந்தால் பங்களாதேஷிடம் தோற்றுவிடுவோம் என்கிறீர்கள். சரி, அப்படியே இருக்கட்டும். நூல், சாயம், தையல் கூலி என்று பையருக்கு அனுப்பும் காஸ்டிங் ஷீட்டில் இன்னொரு வரியும் சேருங்கள்: “தொழிலாளி அடக்கி வைத்த மலம் — இலவசம்.”