ஏழு ரூபாய்க்கு எழுந்த பெங்களூர்

வாடா பேராண்டி, வந்துட்டியா? சில்க் போர்டு சிக்னல்ல ஒரு மணி நேரமா? பெரிய சாதனைதான் போ. கிருஷ்ணகிரியில பஸ் ஏறி, ஓசூர் தாண்டி நான் வந்த நேரத்துல பாதிய நீ ஒரே எடத்துல உக்காந்து கழிச்சிருக்கே.

டிராபிக், டிராபிக்னு திட்டுறியே, அது யாருடா? ஒம்பது மணிக்குக் கிளம்பினாத்தான் தோதுன்னு நீ கணக்குப் போடுற. பக்கத்து வூட்டுக்காரனும் அதையேதான் போடுறான். ஆளாளுக்குக் கெட்டிக்காரன், அத்தன கெட்டிக்காரனும் ஒரே சந்துல. பட்டியத் தொறந்துவிட்டா நம்ம ஆடுங்களும் ஒரே படல்லதான் முட்டும். ஆனா அதுங்க பி.ஈ. படிக்கல பாரு. இந்தக் கூத்தத்தான் கணக்குக்காரங்க கேம் தியரின்னு ஆராயுறாங்களாம்.

ரோட்ட அகலப்படுத்தணும், பாலம் கட்டணும்னு நீ சொல்லுவே. பிரெஸ்ஸுன்னு ஒரு ஜெர்மன்காரர் 1968லயே அதுக்கும் ஆப்பு வெச்சுட்டார். புதுசா ஒரு ரோடு போட்டாலே சில சமயம் எல்லாரும் முன்னவிட லேட்டாப் போவாங்கன்னு கணக்குப் போட்டே காட்டிட்டார். எலக்ட்ரானிக் சிட்டிக்கு 2010ல மேம்பாலம் தொறந்தாங்களே, சில்க் போர்டுல உனக்கு எத்தன நிமிஷம் மிச்சம்?

இன்னிக்கி உன் பொண்டாட்டி ஒரு சேதி படிச்சுக் காட்டினா. பாலாஜி பிரபாகர்னு ஒருத்தர், அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு வாத்தியார். கம்ப்யூட்டர் நெட்வொர்க்குல சேர்ற நெரிசல ஆராயுறவரு, இங்க ரோட்டு நெரிசல் மேல கண்ணு வெச்சாராம். 2008 அக்டோபர்ல இருந்து 2009 ஏப்ரல் வரைக்கும், பெங்களூர் இன்ஃபோசிஸ்ல 14,000 பேரு மாதிரி வெச்சு ஒரு சோதன. எட்டு மணிக்கு முன்ன வந்தா ஒன்றரைப் புள்ளி, எட்டரைக்குள்ள வந்தா ஒண்ணு. வாரா வாரம் குலுக்கல். 48 பேருக்கு 500 ரூபா, 12 பேருக்கு 2,000, நாலு பேருக்கு 6,000, ரெண்டு பேருக்கு 12,000. புள்ளி சேரச் சேரப் பெரிய பரிசுப் படிக்கு ஏறலாம்.

மொத்தம் 96,000 ரூபா. அத 14,000 பேருக்குப் பிரிச்சுப் பாரு, தலைக்கு ஏழு ரூபா கூடத் தேறாது. ‘தம்பி, வாரம் ஏழு ரூபா தர்றேன், சீக்கிரம் எழுந்திரு’ன்னு நான் சொல்லியிருந்தா போர்வைய இழுத்து மூடியிருப்பே. அதே காசக் குலுக்கல்ல போட்டதும், இவ்வளவு படிச்ச சனம் சேவல் கூவுறதுக்குள்ள ஷூ மாட்டுது! கூட்டமில்லாத நேரத்துல வந்தவங்க ரெண்டு மடங்காம். காலையில பஸ்ல 71 நிமிஷம் ஆனது 54 ஆச்சாம்.

இதுக்கு ஸ்டான்ஃபோர்டு எதுக்குடா? 2003ல நம்ம ஊர்ல லாட்டரிக்குத் தடை வர்ற வரைக்கும், உங்க பாட்டிக்குத் தெரியாம நான் எத்தன சீட்டு வாங்கியிருப்பேன்! கையில தர்ற ஏழு ரூபா ஆசைய மூட்டாது. பன்னண்டாயிரம் விழுமோன்னு ஒரு நப்பாச, அதான் மூட்டும். சீட்டு வித்தவனுக்கு இது அப்பவே தெரியும், கணக்குதான் எழுதத் தெரியாது. வாத்தியார் அந்த நப்பாசைய எங்க, எத்தனைக்கு வைக்கணும்னு அளந்து வெச்சார். அதுதான் வித்த, ஒத்துக்குறேன். 2012ல சிங்கப்பூர் ரயில் கூட்டத்துக்கும் இதையே கொண்டு போனாராமே.

சரி, நாளைக்கு ஏழு மணிக்கே கிளம்பு. ரோடு காலியாத்தான் இருக்கும். ஆனா ஒண்ணு, ஆபீஸ்ல ஒருத்தங்கிட்டயும் மூச்சு விடாத. சொன்னா எல்லாரும் ஏழுக்கு வருவான், அப்புறம் உன்ன அஞ்சுக்கு எழுப்பணும். அந்நேரத்துக்குத்தான் எனக்கு நல்லாத் தூக்கம் வரும்.