கூழ் சரி, துடைத்தது யார்?

சப்பாத்தி மாவில் நெல்லிக்காய் அளவு ஓர் உருண்டையைக் குழந்தை கையில் கொடுத்தால், அது முதல் ஐந்து நிமிடம் பாம்பாக இருக்கும். அடுத்த ஐந்து நிமிடம் பிள்ளையார். பிறகு கை தவறித் தரையில் விழும், கட்டிலுக்கடியில் உருளும், போகிற வழியில் தலைமுடி ஒன்றிரண்டைச் சேர்த்துக்கொண்டு சாம்பல் நிறத்தில் திரும்பி வரும். "அப்பா, இது உனக்கு" என்ற அறிவிப்போடு. அதைச் சுட்டாக வேண்டும். சுட்டதை அப்பா தின்றாக வேண்டும். தின்னும்போது முகம் மாறக் கூடாது.

திருச்சியில் ஓர் அப்பா ஒரு மே மாதத்தில் இப்படி நாலு சப்பாத்தி தின்றார். (அந்த அப்பாவும் இதை எழுதுகிறவரும் ஒரே மூக்குக்கண்ணாடியைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். அதற்கு மேல் விசாரிக்க வேண்டாம்.) பெண்ணுக்கு ஏழு வயது, பையனுக்கு நாலு. இருவருக்கும் பள்ளி விடுமுறை. அம்மாவுக்கு அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. எனவே அப்பா ஒரு வாரம் லீவு போட்டார். வெளியே அக்கினி நட்சத்திரம். காலை பத்து மணிக்கு மேல் தெருவில் நாய்கூட நடமாடவில்லை. "பசங்களோட சேர்ந்து சமைக்கப் போறேன்" என்று அவர் அறிவித்தபோது பாட்டி, அதாவது அவருடைய அம்மா, வாயைத் திறக்கவில்லை. ஊறுகாய் ஜாடியை மட்டும் எடுத்து மேல் அலமாரியில் வைத்தாள்.

அப்பாவுக்கு இலக்கியத்தின் ஆதரவு இருந்தது. குழந்தை கைவிட்டுக் கலக்கிய கூழுக்கு முன்னால் அமிழ்தம் எம்மாத்திரம் என்கிறது 64ஆம் குறள். பாண்டியன் அறிவுடைநம்பி இன்னும் ஒரு படி மேலே போய், நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும் பிள்ளை இல்லாதவர்களுக்கு வாழ்ந்தும் பயனில்லை என்று புறநானூற்றின் 188ஆம் பாட்டில் தீர்ப்பே எழுதிவிட்டான். பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் வள்ளுவர் கூழோடு நிறுத்திக்கொண்டார். கூழுக்குப் பிறகு தரை என்ன ஆயிற்று என்று அதிகாரம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. பாண்டியனோ அரசன். அரண்மனையில் துடைக்க ஆள் இருந்திருக்கும். திருச்சி வீட்டில் இருப்பது ஒரே ஒரு மாப். அதன் கைப்பிடியும் ஆடும்.

முதல் நாள் விளையாட்டு மாவு. கடையில் டப்பா டப்பாவாக விற்கும் பிளே-டோவின் பூர்வீகம் வேடிக்கையானது. அமெரிக்காவில் சின்சினாட்டியைச் சேர்ந்த குட்டோல் நிறுவனம், சுவர்க்காகிதத்தில் படிந்த கரியை ஒற்றி எடுப்பதற்காகத்தான் அந்தப் பசையைச் செய்துவந்தது. நிலக்கரி அடுப்பு போய் எரிவாயு வந்ததும் சுவரில் கரி படிவது நின்றது, பசைக்கும் வேலை போயிற்று. நர்சரிப் பள்ளி நடத்திவந்த கே ஜூஃபால் என்ற பெண்மணி அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்த்தார். 1956இல் அது பொம்மையாகக் கடைக்கு வந்துவிட்டது. சுவரைச் சுத்தம் செய்யப் பிறந்த பொருள், சுவரை நாசம் செய்யும் உத்தியோகத்துக்கு மாறிய கதை இது.

வீட்டில் செய்வதற்கு இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். அவ்வளவு உப்பு எதற்கு என்றால், மாவு சீக்கிரம் கெடாது. இன்னொரு காரணம், வாயில் போட்டால் உடனே துப்பிவிடுவார்கள். பையன் மூன்று முறை போட்டான், மூன்று முறை துப்பினான். நாலாவது உருண்டையை அக்காவுக்கு ஊட்டினான். நிறத்துக்குப் பீட்ரூட் சாறு, கீரை அரைத்த தண்ணீர், மஞ்சள் தூள். பெண் ஒரு யானை செய்தாள். பையன் கையில் இருந்ததைக் காட்டி "என்னடா செஞ்சிருக்கே?" என்று அப்பா கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றான். அதுதான் அந்தப் பிராணியின் பெயர் என்று அக்கா பிறகு விளக்கினாள்.

விபரீதம் குழாயடியில் நடந்தது. மஞ்சள் கையில் சோப்பைத் தேய்த்ததும் பையனின் இரண்டு உள்ளங்கையும் ரத்தச் சிவப்பாகிவிட்டன. அவன் அலறினான். அதைப் பார்த்து அக்கா அலறினாள். அப்பா அலறவில்லை, ஆனால் ஆட்டோ ஸ்டாண்டு நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். பாட்டிதான் வாசல் நிலையில் சாய்ந்தபடியே கேட்டாள்: "ஆரத்தி கரைக்க மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டா என்னடா ஆகும்? செவப்பாகாம பச்சையாவா ஆகும்? இதுக்கா இத்தனை கூச்சல்?"

அப்பா பி.எஸ்சி. வேதியியல். மஞ்சளில் இருக்கும் குர்குமின் புளிப்பில் மஞ்சளாகவே இருக்கும், காரத்தில் சிவக்கும், சோப்பும் சுண்ணாம்பும் காரம் என்பதெல்லாம் அவர் தேர்வில் எழுதிய விஷயம்தான். கல்யாண வீட்டு வாசலில் அதே வேதியியல் தட்டில் வைத்துச் சுற்றப்படுகிறது என்பது அவருக்கு நாற்பது வயது வரை உறைக்கவில்லை.

இனி அந்த வீட்டில் ஆராய்ச்சி காலம். எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு மறுபடி மஞ்சளாகிறது. சோப்புத் தண்ணீர் விட்டால் திரும்பவும் சிவப்பு. மஞ்சள், சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று ஐந்து எலுமிச்சம்பழம் தீர்ந்தது. வேலியில் பூத்திருந்த சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம், அதில் ஆறாவது எலுமிச்சையைப் பிழிந்தால் ஊதா கலந்த இளஞ்சிவப்பு. அடுத்து, காயப்போட்டிருந்த அப்பாவின் வெள்ளை வேட்டியில் மங்கலாக ஒரு பழைய சாம்பார்க் கறை இருப்பதைப் பெண் கண்டுபிடித்தாள். சோப்பைத் தேய்த்துப் பார்த்து, "அப்பா, நீ போன வாரம் சாம்பார் கொட்டிக்கிட்டது இங்கதான்!" என்று துப்பறிவாளர்போல் அறிவித்தாள். தடயம் மொத்தம் ஏழு இடத்தில் சிவந்தது.

இரண்டாம் நாள் குச்சி ஐஸ். இதையும் ஒரு சிறுவன்தான் தற்செயலாகக் கண்டுபிடித்தான். 1905இல் கலிபோர்னியாவில், 11 வயது ஃபிராங்க் எப்பர்சன், சோடாப் பொடி கரைத்த தண்ணீரைக் கலக்கிய குச்சியோடு இரவெல்லாம் வெளியே வைத்து மறந்துபோனான். அன்று கடுங்குளிர். காலையில் குச்சியைத் தூக்கினால் ஐஸ் கூடவே வந்தது. பெரியவனாகி 1924இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டான். எப்பர்சனின் வெற்றிக்குக் காரணம் குளிர் மட்டுமில்லை, அவன் மறந்ததும்தான். திருச்சியில் யாரும் மறக்கவில்லை. நன்னாரி சர்பத் ஊற்றிய டம்ளர்களை ஃப்ரீசரில் வைத்த பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கதவு திறந்தது. "ஆச்சா?" "இல்ல." "இப்ப?" மாலை வரை அது ஐஸாகவும் இல்லை, சர்பத்தாகவும் இல்லை. ஸ்பூனால் வழித்துச் சாப்பிட்டார்கள். பாட்டி தன் காலத்துச் சேமியா ஐஸ் வண்டியைப் பற்றிப் பெருமூச்சு விட்டுவிட்டு, தன் பங்கையும் பையன் பங்கில் பாதியையும் முடித்தாள்.

மூன்றாம் நாள் அப்பா செல்போனில் யோசனை தேடினார். இந்த வகைக் காணொளிகள் எல்லாமே "வீட்டிலேயே இருக்கும் பொருட்களை வைத்து" என்றுதான் ஆரம்பிக்கும். இரண்டாவது நிமிடத்தில் ஜிகினா பசை, மூன்று அளவில் குக்கீ அச்சு, பூப்போட்ட காகிதக் கோப்பை என்று கேட்கும். இது யார் வீட்டிலேயே இருக்கிறது என்று தெரியவில்லை. போனை அணைத்தார்கள். அந்த இடைவெளியில் பாட்டி பரணிலிருந்து முறுக்கு நாழியை இறக்கிவிட்டாள்.

அந்த வாரத்தின் உண்மையான கொண்டாட்டம் அந்தப் பித்தளை நாழிதான். முறுக்குக்குப் பெயர்போன மணப்பாறை இருக்கும் மாவட்டத்தில் அவர்கள் வசிக்கிறார்கள். அந்த முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. எனவே கௌரவம் கொஞ்சம் சம்பந்தப்பட்டிருந்தது. நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு உளுத்த மாவு, ஓமம், உப்பு, வெண்ணெய். வெண்ணெய் குறைந்தால் பல் உடையும், கூடினால் எண்ணெயில் முறுக்கு உதிரும். நாழிக்கு இரண்டு பக்கமும் பிடி. ஒரு பிடியில் அக்கா தொங்கினாள், மறு பிடியில் தம்பி. மாவு வரவில்லை. அப்பா மேலிருந்து அழுத்தினார். அப்போது அது பேப்பரில் விழவில்லை, பையன் காலில் விழுந்தது. அதை எடுத்துத் திரும்ப நாழியில் போடலாமா என்று அப்பா பாட்டியைப் பார்த்தார். பாட்டி பார்த்த பார்வைக்குப் பிறகு போடவில்லை.

அடுப்பருகே வரக் கூடாது, பிழிவதோடு சரி என்பது சட்டம். எண்ணெய்ச் சட்டி பாட்டியின் எல்லை. பெண் பேப்பரில் 'ழ' பிழிந்தாள். பொரித்து எடுத்தபோது அதன் சுழி கழன்று கிட்டத்தட்ட 'ம' ஆகிவிட்டது. பையன் பிழிந்ததை யாரும் அடையாளம் காண முடியவில்லை, அவனுக்கு மட்டும் தெரிந்தது: "ஒண்ணுமில்லையோட தம்பி." பதினைந்து நிமிட வேலை ஒன்றேகால் மணி நேரம் நடந்தது. அன்றைக்குப் பாட்டி அடுப்பைவிட்டு நகராமலே தன் சின்ன வயதுக் கூட்டாஞ்சோற்றைப் பற்றிச் சொன்னாள். ஒரு வீட்டு அரிசி, இன்னொரு வீட்டுப் பருப்பு, மூன்று கல் அடுப்பு, பாதி வெந்த சோறு. பிறகு ஆடிப்பெருக்குக்குக் காவிரிக் கரையில் சித்ரான்னம் சாப்பிட்டதையும், பிள்ளைகள் சின்னச் சப்பரம் இழுத்துப் போனதையும் சொன்னாள். "ஆடிப்பெருக்கு எப்ப வரும்?" என்று பையன் கேட்டான். "காலண்டர்ல இன்னும் நெறைய தாள் கிழிக்கணும்டா" என்றாள். இந்தப் பதிலை அவள் சொல்லியிருக்கக் கூடாது.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரே ஒரு வெற்றி உண்டு. அவரைக்காய் என்றால் தட்டை நகர்த்திவிடும் பையன், அன்று தானே நார் உரித்தான் என்பதால், "நான் உரிச்சது எது? இதுவா?" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டான். அப்பா கையில் அகப்பட்டதையெல்லாம் "இதுதான், இதுதான்" என்று காட்டினார். வேதியியல் படித்தவர் கூசாமல் சொன்ன பொய்கள் பதினொன்று.

வெள்ளிக்கிழமை மாலை அம்மா வந்து பார்த்தபோது வீடு சுத்தமாக இருந்தது. மூவரும் வரிசையாக நின்று அதைச் சொன்னார்கள். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், ஐந்து விரலும் தெளிவாக விழுந்த ஒரு மஞ்சள் கை மட்டும் யார் கண்ணுக்கும் படாமல் விட்டுப்போயிருந்தது. அம்மாவுக்கு இந்த வார ஆராய்ச்சிகள் தெரியாது. வேகமாகப் போய் ஈரத் துணியில் சோப்பைத் தொட்டுத் துடைத்தாள்.

மஞ்சள் கறை வெயிலில் வெளுக்கும். ஏழு இடத்தில் சிவந்த வேட்டியைப் பாட்டி இரண்டு நாள் மொட்டைமாடியில் போட்டுச் சரிசெய்துவிட்டாள். சமையலறைச் சுவரை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போக வழியில்லை. தினசரி காலண்டரைக் கழற்றிவந்து கறையை மறைத்து, மூன்றடி உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள். பாட்டி ராகுகாலம் பார்க்கக் குனிய வேண்டியிருக்கிறது. பையனுக்கு மட்டும் அது கைக்கு எட்டும் உயரம். அந்த வீட்டில் மே மாதம் முடிவதற்குள் ஆடிப்பெருக்கு வந்துவிட்டது.